கீறல் விழுந்த சுருட்டு

சங்க வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தொழிலாளிக்காகப் பேசத் தொழிலாளியையே அனுப்புவதா, அல்லது சட்டம் படித்த பிரக்கிராசி ஒருவரைப் பிடித்து நம்முடைய வாக்கை அவருக்குக் கொடுப்பதா? போன கூட்டத்தில் நீங்கள் இதற்காக ஒருவரை ஒருவர் அடிக்கக் கதிரையைக்கூடத் தூக்கினீர்கள். நான் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அனுப்பிய பிறகு அந்த ஆளை யார் கண்காணிப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் நின்றேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன். எங்கும் நிலைத்து நிற்கவில்லை. இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குச் சில காலம் முன்பு, மருதனார்மடத்துக்கும் உடுவிலுக்கும் இடையில் ஒரு சுருட்டுக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த வேலை பேப்பர் வாசிப்பது. சுருட்டுச் சுற்றுகிறவனுக்குக் கையும் கண்ணும் பலகையில் இருக்க வேண்டும். காது சும்மாதான் இருக்கும். அதனால் ஒருவன் நடுவில் வாங்கு போட்டு அதில் இருந்து பேப்பரை உரத்து வாசிப்பான். மற்றவர்கள் தங்கள் சுருட்டில் கொஞ்சம் கொஞ்சம் அவனுக்குப் போட்டுக் கூலியைச் சரிக்கட்டுவார்கள். சங்கம் என்ற சொல்லை அந்த ஆட்கள் முதலில் கேட்டது அப்படித்தான். ஊருலகத்தில் எங்கே வேலைநிறுத்தம் நடந்தாலும் அடுத்த நாள் எங்கள் கொட்டிலில் அதைப் பற்றி வழக்கு நடக்கும்.

சங்கத்தைத் தொடங்கியவர் அந்தக் கொட்டிலின் மூத்த சுருட்டுக்காரர். அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மனிதர் மெலிந்தவர், அதிகம் சிரிக்கமாட்டார். வாசிக்கத் தெரிந்தவன் என்று என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கியவரும் அவர்தான். எல்லோருக்கும் முன்னால் கொட்டிலுக்கு வந்துவிடுவார். நாங்கள் போய்ச் சேரும்போது அவருடைய பலகையில் ஒரு குவியல் சுருட்டு ஏற்கெனவே கிடக்கும். பிறகு பகல் முழுக்க ஆட்களோடு சங்கக் கதைதான்.

ஒவ்வொருவருடைய சுருட்டும் அவரவர் கையெழுத்துப் போல. இருட்டில் தடவிப் பார்த்தே இது இன்னாருடைய சுற்று என்று சொல்லிவிடுவார்கள். அண்ணை இடதுகைக்காரர். சுருட்டின் மேல் சுற்றுகிற மேலிலை மற்றவர்களுக்கு ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அவருக்கு ஓடும். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் அந்தச் சுற்றைக் கேட்டே வாங்குவார்கள்.

எங்கள் ஆட்கள் இருந்த ஒழுங்கையில் நல்லதண்ணிக் கிணறு இல்லை. இருந்த ஒன்று சவர், குடிக்க முடியாத உப்பு. பெண்கள் குடத்தோடு காணி உள்ள தோட்டக்காரர் வீட்டுப் படலை வாசலில் போய் நின்று, யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கிணற்றுக் கயிற்றை எங்கள் ஆட்கள் தொடக்கூடாது. ஊராட்சி நடத்துகிற கிராமச் சங்கம் ஒரு பொதுக்கிணறு வெட்டப் போகிறது என்று கதை வந்தது. எங்கே வெட்டுவது என்பதை வட்டார உறுப்பினர்தான் சொல்வார். அந்தக் கதிரையில் கொட்டில் முதலாளியின் மைத்துனர் இருந்தார். கிணறு அவருடைய புகையிலைத் தோட்டத்து ஓரமாக வரும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

வருகிற தேர்தலில் அண்ணையை நிறுத்துவது என்று எங்கள் தொழிலாளர் சங்கம் முடிவெடுத்தது. ஒரு சுருட்டுக்காரன் அந்தக் கதிரைக்குக் கேட்பதை ஊர் அதற்கு முன்பு கண்டதில்லை.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அண்ணை இருமலும் காய்ச்சலுமாகப் படுத்தார். அந்தப் படுக்கையிலேயே போய்விட்டார்.

அந்தக் கொட்டிலில் ஒரு வழக்கம் இருந்தது. சுருட்டுக்காரன் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அவனுடைய பலகையை எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் தங்கள் சுற்றில் ஒரு பிடியை அந்தப் பலகையில் வைப்பார்கள். பலகை வேலை செய்கிறது என்பது கணக்கு. கூலி வீட்டுக்குப் போகும். அந்தியேட்டிக்குப் பிறகு பலகையைத் தூக்கி வேறொருவனுக்குக் கொடுப்பார்கள். அண்ணைக்கும் அப்படியே செய்வதாக இருந்தோம்.

செத்தவீடு முடிந்து மறுபடி வேலை தொடங்கிய காலையில், முதலாளி பூட்டைத் திறக்க நாங்கள் உள்ளே போனோம். கொட்டிலுக்கு இரண்டு சாவி. அண்ணையிடம் இருந்ததையும் முதலாளி செத்தவீட்டிலேயே திருப்பி வாங்கியிருந்தார்.

அண்ணையின் பலகையில் ஒரு குவியல் சுருட்டுக் கிடந்தது.

மேலிலை இன்னும் ஈரமாக இருந்தது. சுற்று எதிர்ப்பக்கம் ஓடியிருந்தது. யாரும் தொடவில்லை. கந்தையா என்று ஒருவன் இருந்தான், கொட்டிலின் பகிடிக்காரன். எதையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டான். அவன்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணை உயிரோடை இருக்கேக்கையும் எங்களுக்கு முதல் வந்தவர். செத்தும் எங்களுக்கு முதல் வந்திட்டார். நாங்கள்தான் இண்டைக்கும் பிந்தி."

யாரும் சிரிக்கவில்லை. கந்தையாவின் கையில் இருந்த கத்தி பலகையில் தட்டுப்பட்டுத் தடதடவென்றது.

முதலாளி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். அப்படியே வெளியே போனார். அன்று முழுக்க அவர் உள்ளே வரவில்லை.

அடுத்த நாளும் குவியல் கிடந்தது. அதற்கடுத்த நாளும். நான் பேப்பர் வாசித்தேன், ஒருவருடைய காதிலும் விழவில்லை. அதுவரை சங்கத்தில் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றவர்கள்கூட இப்போது நேராக நின்றார்கள். முதலாளியிடம் கடன்பட்டவர்கள், மைத்துனருடைய காணியில் குடியிருந்தவர்கள், எல்லோரும். வேறு ஒருவரை நிறுத்த வேண்டுமே என்று நான் தொடங்கியதும் ஒரு கிழவர் என்னை நிறுத்தினார்.

"ஆரை நிப்பாட்டிறது? அவர் போகேல்லையே."

"பொடியன் விசர்க்கதை கதைக்கிறான். அண்ணைக்குத்தான் கை உயர்த்துவம்" என்றது இன்னொரு குரல்.

"ஓம். அண்ணைக்குத்தான்."

எங்கள் பகுதியில் கிராமச் சங்கத் தேர்தலுக்கு அப்போது பெட்டி வைக்கவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் ஆட்களைக் கூட்டி, மணியகாரர் என்ற அரசாங்க அதிகாரி பெயரைக் கேட்பார், கையை எண்ணுவார். செத்தவருக்கு உயர்த்துகிற கையை எந்த மணியகாரரும் எழுதமாட்டார். கதிரை மைத்துனருக்குப் போகும். கிணறும் அவரோடு போகும். இது எனக்குத் தெரிந்தது. அந்த ஒற்றுமையை அதற்கு முன் நான் கண்டதில்லை என்பதும் தெரிந்தது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். பிழையான காரணத்துக்காக ஆட்கள் சரியாக ஒன்றுசேர்ந்து நிற்பார்கள். காரணத்தை உடைத்தால் கூட்டமும் உடையும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

யார் வைக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம் என நினைத்தேன். தேர்தலுக்கு முதல் நாள், விடிகிற நேரம், கொட்டிலுக்குப் போனேன். மார்கழிப் பனி. மருதனார்மடம் சந்தைக்குப் போகிற வண்டிகளின் சத்தம் தூரத்தில் கேட்டது, வண்டிகள் தெரியவில்லை. முன்கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே கத்தி பலகையில் விழும் சத்தம். இலையை ஓரம் வெட்டுகிறபோது வருகிற சத்தம் அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. பின்பக்கமாகப் போனேன். அடைப்பில் ஒரு கிடுகு ஓலை அவிழ்ந்து, ஆள் நுழைய இடம் இருந்தது.

அண்ணையின் பலகைக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் அவருடைய மனைவி இருந்தார். தலை நிமிராமலே பேசினார்.

"வா தம்பி. நிண்டு பனியிலை நனையாதை."

"அக்கா, நீங்களோ?"

"பின்னை ஆர்? அவற்றை கை ரண்டு வருசமா நடுங்கினது. ஒரு சுருட்டு ஒழுங்காச் சுத்த ஏலாது. வீட்டிலை இருந்து நான் அவற்றை பக்கமாகவே சுத்திக் குடுப்பன். அவர் சால்வைக்குள்ளை கொண்டுவந்து, நீங்கள் வர முதல் பலகையிலை கொட்டுவார். நீங்கள் அண்ணையின்ரை கை, அண்ணையின்ரை கை எண்டு சொன்னியளே, அது இந்தக் கை."

பேய் இல்லை என்று எனக்குச் சந்தோசமும் வந்தது, எல்லாம் முடிந்தது என்று பயமும் வந்தது. செத்தவீட்டுத் துடக்கோடு, தீட்டோடு, ஒரு பெண் கொட்டிலுக்குள் வந்தாள் என்றால் சுருட்டை முழுக்க நெருப்பில் போடுவார்கள். அண்ணையை ஏமாற்றுக்காரன் என்பார்கள்.

"மூண்டு நாளா இப்பிடிச் செய்து எல்லாரையும் பேயாட்டிப் போட்டியள், அக்கா."

அவர் கையை நிறுத்தினார்.

"நான் இண்டைக்குத்தான் வந்தனான்."

"என்ன?"

"சனம் கதைக்கிறது காதிலை விழுந்தது. ஆரின்ரை சுத்து எண்டு பாக்கத்தான் வந்தன். உந்தக் கிடுகு இப்பதான் அவிட்டனான். கட்டுக் கயிறு உக்கிக் கிடந்தது, ஒருத்தரும் தொட்டிருக்கேல்லை. நான் வரேக்கையே இது கிடந்தது. ஒத்துப் பாக்கத்தான் நானும் சுத்தினனான்."

பலகையின் மறுகரையில் ஒரு சிறு குவியல் இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து, கதவிடுக்கால் வந்த வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் தான் சுற்றியதைப் பிடித்தார். சுற்று ஒன்றுதான். ஆனால் அந்தச் சுருட்டின் முனையில், கிள்ளி மூடிய இடத்தில், நூல் போல ஒரு கீறல் இருந்தது.

"அவற்றை பெருவிரல் நகம் பிளந்தது. சின்ன வயசிலை செக்கிலை நசிஞ்சது. முனையைக் கிள்ளேக்கை கீறல் விழும். என்ரை சுத்திலை அது இல்லை. ரண்டு வருசமா அது இல்லாததை உங்களிலை ஒருத்தனும் காணேல்லை." அதை எடுத்த இடத்திலேயே வைத்தார். "இது கை நடுங்கிறதுக்கு முந்தின கை."

நான் அந்தச் சுருட்டைத் தொடவில்லை. தொடும்படி அவர் சொல்லவும் இல்லை.

"பயமாயில்லையோ அக்கா?"

"என்னத்துக்கு? அந்தியேட்டி முடியப் பலகையைத் தூக்கிப்போடுவாங்கள். பிறகு நான் எங்கை போறது? ஆருக்கும் இலைக்காம்பு கிழிச்சுக் குடுக்கவோ? அதுதான் எனக்குப் பயம்."

தேர்தலில் நடக்கப் போவதை அவரிடம் சொன்னேன். செத்தவருக்கு உயர்த்தினால் கதிரையும் கிணறும் போகும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே தன்னுடைய சுருட்டுகளை மடியில் கட்டினார். மற்றக் குவியலை அப்படியே விட்டார்.

"உங்களுக்குள்ளை அவருக்கு எல்லாரிலும் கூடப் பயந்தவன் ஆர்?"

"கந்தையா. பகிடி விடுறான், ஆனால் கை நடுங்குது."

"சரி. நீ போ தம்பி."

அடுத்த நாள் பள்ளிக்கூட முற்றம் நிறைந்தது. மணியகாரர் தலைப்பாகையோடு மேசைக்குப் பின்னால் இருந்தார், பக்கத்தில் அவருடைய கீழ் அதிகாரி விதானையார். மைத்துனரின் பெயரைச் சொன்னார்கள். அவருடைய இனசனமும் குத்தகைக்காரரும் கை உயர்த்தினார்கள். விதானையார் எண்ணினார்.

"வேறை பேர் இருக்கோ?"

அந்தக் கிழவர் எழுந்து அண்ணையின் பெயரைச் சொன்னார். எங்கள் ஆட்கள் எல்லோரும் கை உயர்த்தினார்கள். புகையிலைக் கறை ஏறிய கைகள். எந்தக் கை கொட்டில் கை என்று தூரத்திலிருந்தே முதலாளிக்குத் தெரியும், அவர் மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விதானையார் குனிந்து மணியகாரரின் காதில் சொன்னார். மணியகாரர் சிரித்தார்.

"செத்தவனுக்கு நான் எப்பிடி எழுதிறது? கையை இறக்குங்கோ."

யாரும் இறக்கவில்லை.

"சொன்னது விளங்கேல்லையோ? இறக்குங்கோ எண்டு சொல்லுறன்."

அவருடைய சிரிப்பு மெல்லப் போனது. இத்தனை ஆட்கள், இத்தனை கைகள், ஒரு முணுமுணுப்பும் இல்லை. அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால், பின்னால் யாரோ நிற்பது போல அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணியகாரர் ஒரு முறை திரும்பியும் பார்த்தார்.

சங்கச் செயலாளர் நான். உயிரோடு இருக்கிற ஒரு பெயரைச் சொல்ல வேண்டியது என்னுடைய வேலை. நாக்கு நுனிவரை இரண்டு மூன்று பெயர் வந்தது. எதைச் சொன்னாலும் பாதிக் கை விழும் என்பது தெரிந்தது. அவர்கள் என் சொல்லுக்கு உயர்த்தின கை அல்ல அது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் பேசியதால் கெடுத்தவை பல. பேசாமல் இருந்து காப்பாற்றியது இந்த ஒன்றுதான்.

படலைக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

"கந்தையாவை எழுதச் சொல்லுறார்."

எல்லோரும் திரும்பினோம். துடக்கு என்பதால் அவர் உள்ளே வரவில்லை. வேலிக்கு அப்பால் வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது.

"ஆர் உந்த மனிசி?" என்றார் மணியகாரர்.

"செத்தவற்றை பெண்சாதி, ஐயா."

"கந்தையா எண்டது ஆர்?"

கந்தையா எங்களுக்கு நடுவில் கையைத் தூக்கியபடி நின்றான். இறக்கப் பார்த்தான் என்று நினைக்கிறேன், கை இறங்கவில்லை. மற்றவர்களுடைய கையும் அப்படியே நின்றது. மணியகாரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எண்ணுங்கோ. கெதியா எண்ணி முடியுங்கோ" என்று விதானையாருக்குச் சொன்னார்.

நாங்கள் வென்றோம்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்குக் கைதட்டப் பிடிக்கும். கதிரை என்பது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கந்தையா நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. முதல் கூட்டத்துக்குக் கடன்வாங்கிய சால்வையோடு போனான். அங்கே அவனுக்குக் கோப்பி கொடுத்தார்கள், "கந்தையர்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஒழுங்கைகளுக்குக் கல் போடுகிற கொந்தராத்து வேலையை அவனுக்கே தரலாம், கிணற்றுக் கதையை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடு என்று மைத்துனரின் கூட்டாளி ஒருவர் சொன்னார். கந்தையாவுக்கு ஆசை வந்தது. அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

கிணற்றைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்தில், அவன் இருக்கப் போன கதிரையில் ஒரு சுருட்டுக் கிடந்தது. சுற்று எதிர்ப்பக்கம் ஓடியிருந்தது. ஈரம் காயவில்லை.

அன்று மாலை வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தான்.

"டேய், உண்மையைச் சொல்லு. நீதானே வைச்சனி?"

"எனக்குச் சுருட்டுச் சுத்தத் தெரியுமே?"

"பகிடி விடாதை. எனக்குப் பகிடி விட ஏலாமல் போச்சு."

"கிணறு என்னாச்சு?"

"எங்கடை ஒழுங்கைக்குத்தான். அதை விட்டிட்டு நான் உயிரோடை வீட்டை வாறதே?"

கிணறு வெட்டினார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர். எங்கள் பெண்கள் தங்கள் கையாலேயே கயிறு பிடித்து அள்ளினார்கள்.

அதற்கு முன்பே, அந்தியேட்டி முடிந்த காலையில், அண்ணையின் பலகையைத் தூக்க ஒருவனும் முன்வரவில்லை. முதலாளியும் சொல்லவில்லை. அக்கா வந்தார், வாசலில் நிற்காமல் நேரே போனார், பலகைக்கு முன் இருந்து கத்தியை எடுத்தார். ஆண்கள் மட்டுமே இருந்த கொட்டில் அது. கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். அவர் சுற்றிய முதல் சுருட்டைப் பார்த்ததும் அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது. சங்கத்தில் பெயர் பதிந்த முதல் பெண் அவர்தான்.

கந்தையா அந்தக் கதிரையில் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் இருந்தான். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் முதலில் கதிரையைத்தான் பார்ப்பான். சில கூட்டத்தில் ஒன்றும் இராது. அவன் மனம் தளம்பும்போது ஒன்று கிடக்கும். அங்கே ஒருவருடைய கோப்பிக்கும் அவன் பிறகு மயங்கவில்லை.

எனக்குக் கால் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும். யுத்தம் தொடங்கி, திருகோணமலையில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் புறப்பட்டேன். சொல்லிக்கொண்டு போகக் கந்தையா வீட்டுக்குப் போனேன். அவன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினான். கதிரையில் கிடந்தவை எல்லாம் அதற்குள் இருந்தன. ஒன்றையும் அவன் பற்றவைக்கவில்லை. அவன் பார்க்காத நேரம் நான் முனைகளைப் பார்த்தேன். சிலவற்றில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் நூல் போலக் கீறல் இருந்தது.

அங்கிருந்து கொட்டிலுக்குப் போனேன். வேறொரு பொடியன் என்னுடைய வாங்கில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி, மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, கந்தையாவின்ரை கதிரையிலை நீங்கள்தானே வைக்கிறனீங்கள்?"

அவர் மேலிலையை இழுத்துச் சுற்றி, முனையைக் கிள்ளி மூடி, சுருட்டைப் பலகையில் வைத்தார்.

"கீறல் இல்லாதது என்ரை" என்றார்.